நேர்ந்துவிட்ட முடி

குருவைத் தேடுகிறவர்கள் வழக்கமாக மலை ஏறுவார்கள். மரகதம் திருப்பூர்க் காதர்பேட்டையில், பனியன் கடைகளுக்குப் பின்புறச் சந்தில், இருபத்திரண்டு படிகள் ஏறினாள். அவளுடைய எட்டு வயது மகள் தேன்மொழி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிறுமியின் தலையில் ஒரு துண்டு கட்டியிருந்தது.

மாடியறையில் ஒரு கண்ணாடியும் இரண்டு நாற்காலிகளும் இருந்தன. ஒபியாகெலி என்னும் நைஜீரியப் பெண் அங்கே தன் நாட்டுப் பெண்களுக்கு முடி பின்னிக் கொடுத்து வந்தாள். பதினான்கு ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்பவள். தமிழை இவ்வூர்ச் சந்தையிலேயே கற்றவள். மரகதத்தைவிட ஏழு வயது இளையவள். ஆயினும் மரகதம் முதல் நாளே அவளை "மாஸ்டர்" என்று அழைத்தாள். பனியன் கம்பெனியில் வேலை தெரிந்தவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

"ஒக்காருங்க அக்கா. யாருக்குப் பின்னோணும்?"

"பின்ன வேண்டாமுங்க மாஸ்டர். ஒரு யோசனை கேக்க வந்தேன்."

மரகதம் துண்டை அவிழ்த்தாள். தேன்மொழியின் முடி அவள் தந்தை எமெக்காவின் முடி: கறுத்து அடர்ந்து, ஒவ்வோர் இழையும் சிறு சுருளாகச் சுருண்டது. அவன் உடனிருந்தவரை அதைக் குட்டையாக வெட்டிவிடுவான். துணி வாங்கி விற்கிறவன். விசா கிடைக்காமல் இரண்டு ஆண்டுகளாக நைஜீரியாவில், லாகோஸில் இருக்கிறான். அவன் போன பிறகு முடி வளர்ந்தது.

பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து பெண்குழந்தைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி வர வேண்டும். மரகதம் தான் அறிந்ததைச் செய்தாள். நாள்தோறும் காலையில் தேங்காய் எண்ணெயை வழியத் தடவி, நெற்றியிலிருந்து இழுத்து வாரினாள். ஆறு சீப்புகளின் பற்கள் உடைந்தன. காதோரத்தில் முடி போய்த் தோல் தெரிந்தது. நாட்குறிப்பில் ஆசிரியை மூன்று முறை எழுதியிருந்தார்: "தலை வாரி அனுப்பவும்."

"வர்ற கிருத்திகைக்குப் பழனியில இவளுக்கு மொட்டை போடறதா நேந்துக்கிட்டேனுங்க. இன்னும் மூணு வாரம் இருக்குது. அப்புறம் வளர்ற முடியாவது நேரா வளரோணும். அதுக்கு என்ன பூசறதுன்னு சொல்லுங்க."

ஒபியாகெலி சிறுமியின் காதோரத்தைப் பார்த்தாள், கையை நீட்டினாள். தேன்மொழி கண்களை இறுக மூடித் தோள்களைக் காதுவரை உயர்த்திக்கொண்டாள்.

நீட்டிய கையை ஒபியாகெலி மடக்கிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க நாற்காலியில ஒக்காருங்க."

"எனக்கு எதுக்குங்க?"

"ஒக்காருங்க."

மரகதத்தின் சடை இடுப்புவரை நீண்டது; எண்ணெய் வைத்து வைத்து மினுங்கியது. ஒபியாகெலி அதை அவிழ்த்தாள். சீப்பின் வால்முனையால் வகிடு எடுத்து, நெற்றியிலிருந்து பிடரிவரை, தலையோடு ஒட்டிய மெல்லிய பின்னல்களாகப் பின்னத் தொடங்கினாள்.

"ஸ்ஸ்... வலிக்குதுங்க."

"பொறுங்க. அழகா இருக்கோணும்னா பொறுக்கோணும்."

தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாக்கியத்தை அவள் தினமும் காலையில் கேட்டிருக்கிறாள்.

நான்கு பின்னல்கள் முடிந்தன. ஐந்தாவதைத் தொடங்குமுன் முதலாவது தானாகவே வழுக்கி அவிழ்ந்தது. பிறகு இரண்டாவது.

"என்ன முடி இது!" என்றாள் ஒபியாகெலி. "நிக்க மாட்டேங்குது. எங்கூருல இந்த முடியை வெச்சுக்கிட்டு ஒரு புள்ளை பள்ளிக்கூடம் போக முடியாது. எங்கம்மா பாத்தா, 'ஐயோ பாவம், சோளக்கதிர் நாரு'ம்பாங்க."

தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பேசாம உங்களுக்கு மொட்டை போட்டுரலாமா அக்கா?"

கண்ணாடியில் மரகதம் தன்னைப் பார்த்தாள். பாதித் தலை இறுகியும் பாதித் தலை கலைந்தும் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது.

"எம்முடிக்கு என்னங்க கொறை? அதும் போக்குல விட்டா அது நல்லாத்தான் இருக்கும்."

சொல்லி முடித்தவள் கண்ணாடியில் மகளின் தலையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை வாங்க," என்றாள் ஒபியாகெலி. "உங்க சீப்பைக் கொண்டாராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் மரகதத்திடம் எதையும் தரவில்லை. தண்ணீர் தெளிக்கும் குப்பியைத் தேன்மொழியிடம் கொடுத்தாள். சிறுமி தன் தலைக்குத் தெளித்தாள். மாஸ்டரின் தலைக்குத் தெளித்தாள். அம்மாவின் புடவைக்கும் தெளித்தாள்.

"எண்ணெய் வெக்கலீங்களா?"

"முதல்ல தண்ணி. காஞ்ச முடிமேல எண்ணெயை ஊத்துனா, குடிக்கத் தண்ணி கேட்டவங்க வாயைத் துணியால கட்டின மாதிரி. தண்ணி குடிச்சு முடிக்கட்டும். அப்புறம் எண்ணெய்."

நனைந்த முடியை எட்டுப் பங்காகப் பிரித்து ஏழு பங்கைக் கிளிப்பால் ஒதுக்கினாள். எட்டாவதில் கண்டிஷனரைத் தடவி, விரலாலேயே சிக்கைப் பிரித்தாள். பின்னர் அகலப் பல் சீப்பை எடுத்து, நுனியில் ஓர் அங்குலம் வாரினாள். அதற்கு மேல் ஓர் அங்குலம். வேரை அடையக் கால் மணி நேரம் ஆயிற்று.

"எட்டுக்கும் இப்படியேன்னா பொழுது போயிருமேங்க!"

"ஒண்ணைக் கையில எடுத்தா மத்த ஏழையும் மறந்துருங்க அக்கா."

மரகதத்திற்கு இரண்டாவது பங்கு கிடைத்தது. அவள் ஓர் இழையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது தோள்வரை நீண்டது. விட்டதும் காதுக்கு மேல் ஏறிக்கொண்டது.

"பாருங்க மாஸ்டர். இழுத்தா வருது, விட்டா ஓடிப்போயிருது. இதை எப்படி நேராக்கறது?"

"கம்பெனியில நீங்க என்ன வேலைங்க?"

"கட்டிங் டேபிள்ல துணி விரிக்கறேனுங்க. பதினாறு வருசமா."

"பனியன் துணியை இழுத்துப் புடிச்சு விரிப்பீங்களா?"

"அய்யோ! இழுத்து விரிச்சு வெட்டினா தெச்சப்புறம் சுருங்கிப் போயிருமுங்க. உருளையிலிருந்து உருவி, ஒரு நாள் முழுக்கச் சும்மா போட்டு வெப்போம். அது தன்னோட அளவுக்கு வந்தப்புறந்தான் கத்தரி."

"சும்மா போட்டு வெச்சா மொதலாளி திட்ட மாட்டாரா?"

"திட்டுவாருங்க. திட்டட்டும். துணி கேக்குமா?"

ஒபியாகெலி அடுத்த பங்கின் கிளிப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

மாலையில் தேன்மொழிக்கு இரண்டு சடைகள் இருந்தன. அவற்றின்மேல் ஒபியாகெலி பூசிவிட்ட, லாகோஸிலிருந்து வந்த ஷியா மர வெண்ணெய் மணத்தது. திங்களன்று ரிப்பன் கட்டிச் சென்றாள். நாட்குறிப்பில் ஆசிரியை எதுவும் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலையில் கம்பெனி வேன் அரை மணி முன்னதாக வந்துவிட்டது. மரகதம் அவசரத்தில் பழைய சீப்பை எடுத்தாள். தண்ணீர் தெளிக்கவில்லை. வேரிலிருந்து ஒரே இழுப்பு. தேன்மொழி அலறினாள். சீப்போடு ஒரு கொத்து முடி வந்தது. சிறுமி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

அதன்பின் மூன்று நாள் அவள் தாயைத் தன் தலையைத் தொட விடவில்லை.

ஞாயிறன்று மரகதம் அந்தக் கொத்தை ஒரு தாளில் மடித்து எடுத்து வந்து மாஸ்டரின் முன் வைத்தாள். தேன்மொழிதான் பேசினாள்.

"மாஸ்டர் அக்கா, எனக்கு மொட்டையே போட்டுரலாம். அப்புறம் வலிக்காதுல்ல?"

ஒபியாகெலி தாளைப் பிரித்துப் பார்த்தாள்.

"நான் என்ன செய்யட்டும் மாஸ்டர்?" என்றாள் மரகதம். "எவ்வளவு மெதுவா வாரினாலும் சிக்குன்னு ஒண்ணு இருக்கத்தானே செய்யும்? சிக்கு இருந்தா இழுக்கத்தானே வேணும்? இழுத்தா வலிக்கத்தானே செய்யும்?"

"வலிக்குமுங்க."

"அப்புறம்?"

ஒபியாகெலி தேன்மொழியைத் தரையில் உட்கார வைத்தாள். ஒரு முடிப்பங்கை நனைத்தாள். சிக்குக்கு மேலே, தலைக்கும் சிக்குக்கும் நடுவில், தன் இடக்கை விரல்களால் முடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலக்கையால் சீப்பைச் சிக்கில் இட்டு இழுத்தாள். அவளுடைய விரல்கள் வெளுத்தன. தேன்மொழி அசையவில்லை.

"வலிச்சுதா அம்மிணி?"

"இல்லயே."

ஒபியாகெலி மரகதத்தின் கையைப் பிடித்து, விரல்களை அதே இடத்தில் வைத்தாள்.

"இழுக்கறது உங்க விரலோட நின்னுரோணும் அக்கா. அதைத் தாண்டி உள்ள போகக் கூடாது."

அன்று மரகதம் எட்டுப் பங்கையும் தானே வாரினாள். அவள் இடக்கை இரவுவரை வலித்தது. மகளுக்குத் தெரியாமல் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. காதோரத்தில் பூனைமயிர் போலப் புதுமுடி அரும்பியிருந்தது. மரகதம் பின்னி முடித்தபின்னும் எழவில்லை.

"நேந்ததை மாத்தினா சாமி குத்தம் ஆயிருமுங்க மாஸ்டர். போடவும் மனசு வரல. போடாம இருக்கவும் பயமா இருக்குது. நீங்க சொல்லுங்க, அப்படியே செய்யறேன்."

"உங்க முருகன்கிட்ட நான் பேசினதே இல்லீங்க அக்கா. நான் சர்ச்சுக்குப் போறவ."

"வெளையாடாதீங்க."

"வெளையாடல. அவர்கிட்டப் பேசினது யாரு?"

"நானுங்க."

"யாரு தலையைக் காட்டிப் பேசினீங்க?"

மரகதம் எழுந்தாள். மகளை அழைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

கிருத்திகையன்று பழனியில் கூட்டம் மிகுதி. முடி இறக்கும் மண்டபத்தில் அவர்கள் முறை வந்தபோது நாவிதர் கையை நனைத்துக்கொண்டு சிறுமியை நோக்கி நீட்டினார்.

"கொழந்தையை முன்னால தள்ளி ஒக்கார வைங்கம்மா. நல்ல அடர்த்தியான முடி. கத்தி ரெண்டு வேணும்."

மரகதம் மகளை நகர்த்திவிட்டுத் தான் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக் குனிந்தாள்.

"வேண்டுதல் புள்ளைக்கில்லீங்களா?"

"வேண்டினவ நானுங்க."

இடுப்புவரை நீண்ட சடை அறுபட்டு விழுந்தது. நாவிதர் தண்ணீர் தெளித்து, உச்சியிலிருந்து கத்தியை இழுத்தார். தேன்மொழி இரு கைகளாலும் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல கண்ணு. கூசுது."

வெளியே வந்து சந்தனம் பூசும்போது, தானே பூசுவேன் என்று சிறுமி அடம்பிடித்தாள். காதுமடல்வரை பூசிவிட்டாள். மரகதம் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். வெகுநேரம் கும்பிட்டாள். முடிவில், "தப்பா இருந்தா என்னைக் கேளுப்பா, புள்ளையைக் கேக்காதே," என்றாள்.

அடுத்த ஞாயிறு மாடியறைக் கதவைத் திறந்த ஒபியாகெலி, எதிரே நின்றவளை முதலில் அடையாளம் காணவில்லை. பின்னர் கண்டுகொண்டாள். மரகதம் நீட்டிய பஞ்சாமிர்த டப்பாவை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"காத்து நல்லா வருதுங்களா அக்கா?"

"ரொம்ப நல்லா வருதுங்க மாஸ்டர். கம்பெனியிலதான் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க."

"எல்லாரும் கேட்டுட்டா தொட்டாங்க?"

"யாரு கேக்கறாங்க!"

"எங்க முடியையும் அப்படித்தான்," என்றாள் ஒபியாகெலி. இருவரும் சிரித்தார்கள்.

மரகதம் நாற்காலியில் உட்கார்ந்தாள். தேன்மொழி தரையில், தாயின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பழைய சடைகள் அவிழ்ந்தன. தண்ணீர், எட்டுப் பங்கு, ஏழு கிளிப்புகள். இடக்கை விரல்கள் தாமாகவே சிக்குக்கு மேலே போய் நின்றன. ஒபியாகெலி கைகளைக் கட்டிக்கொண்டு மற்றொரு நாற்காலியில் இருந்தாள். எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை, எதையும் திருத்தவில்லை.

ஐந்தாவது பங்கின்போது மரகதத்தால் தாங்க முடியவில்லை.

"மாஸ்டர், இந்த மூணு வாரமா நீங்க ஒரு நாளும் என்னைக் கோவிச்சுக்கல. நான் எம் புள்ளையோட முடியைப் புடுங்கிட்டு வந்து நின்னப்பக்கூட ஒரு சொல் சொல்லல." அவள் குரல் உடைந்து உயர்ந்தது. "இதுக்கு நான் என்ன செஞ்சு ஈடு கட்டுவேன்? இப்பவாச்சும் சொல்லுங்க. நான் சரியாப் பண்றேனா, இல்லியா?"

ஒபியாகெலி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க அக்கா. பாப்பா தூங்கறா."