திவாலாவதற்கு ஒரு வக்கீல்

ஒரே ஒரு ஊர்ல, ஒரே ஒரு தெருவுல, ஒரே ஒரு மூளையை அண்ணன் தம்பி மூணு பேர் பங்கு வச்சுக்கிட்ட வீடு ஒன்னு இருந்துச்சாம். பெரியவர் மாசானம், நடுவுள்ளவர் உச்சிமாகாளி, கடைசி பிச்சைக்கண்ணு. கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை அவர்களுடையது. இருநூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற செம்பு அண்டா ஒன்று அந்தக் கடைக்கே பெருமை. அப்பா வாங்கிப் போட்டது.

கடைக்கு ஆள் வரத்தான் செய்தது. ஆனால் வாடகைக்குப் போன பாத்திரமெல்லாம் அடி கறுத்துத் திரும்பி வந்ததில் மூவருக்கும் மனசே ஆறவில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டார்கள். "அடுப்பில் வைக்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டும்தான் வாடகை. இரண்டு வருஷமாக ஒருத்தரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குத் துரைப்பாண்டி அண்ணாச்சியிடம் கடன் வாங்கினார்கள். அது நாற்பதாயிரம் ஆனதும் அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பணம் வரலேன்னா அண்டாவைத் தூக்கிருவேன்."

மூணு பேரும் அழுதார்கள். டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "திவால்னு கோர்ட்டுல எழுதிக் குடுங்க. அப்புறம் கடன் குடுத்தவன் அண்டாவைத் தொட முடியாது. உள்ளூர்லயே நல்ல வக்கீலாப் பிடிங்க. யாரு நல்லவர்னு அடிபட்டவங்கிட்ட கேட்டாத்தான் தெரியும்."

"கடன் குடுத்து அடிபட்டவரு யாருலே?" என்றார் மாசானம்.

"நம்ம அண்ணாச்சிதான்."

நேரே அங்கே போனார்கள். "அண்ணாச்சி, உங்களை ரொம்ப அழவச்ச வக்கீல் யாரு?"

அண்ணாச்சிக்குப் பழைய காயம் திறந்துகொண்டது. "ஆவுடைநாயகம்னு ஒரு பாவி! மூணு கேஸ்ல என்னைத் தெருவுல நிறுத்திட்டான்."

"அவருதான் வேணும். பீசுக்கு ஒரு அய்யாயிரம் குடுங்க."

அண்ணாச்சி பெட்டியைத் திறந்தார். அண்டாதான் இருக்கிறதே என்று எண்ணிக் கொடுத்தார்.

வக்கீல் ஆவுடைநாயகம் பீசை வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டார். அண்டா அறுபதாயிரம் பெறும். மற்ற பாத்திரங்கள் எழுபதாயிரம். கடன் நாற்பத்தைந்துதான்.

"நீங்க திவால் இல்லைய்யா. கறுத்தாக் கறுக்கட்டும்னு நாலு கல்யாணத்துக்கு விடுங்க, கடன் தன்னால அடையும். அண்ணாச்சிகிட்ட நான் தவணை கேக்கேன்."

மூணு பேருக்கும் முகம் செத்துப்போயிற்று. தெருவுக்கு வந்ததும் ஆலோசனை நடந்தது.

"திவால் வக்கீலுக்குப் பீசு கட்டியாச்சு. திவாலாகலேன்னா அய்யாயிரம் வீண்தானே?"

"வீண்தான். வெள்ளிக்குள்ள திவாலாயிரணும்ணே."

"இன்னும் கடன் வாங்குவமா?"

"வாங்கினா கையில காசு வந்துருதேலே! அப்புறம் எப்படித் திவாலாக?"

"அப்போ சொத்தைக் குறைப்போம்."

புதன்கிழமை ஊரில் வீட்டுக்கொரு பாத்திரம் இனாமாகக் கொடுத்தார்கள். வாங்கினவர்களிடம் யாரும் எதுவும் எழுதி வாங்கவில்லை. சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் அண்டா மட்டும் மிச்சம். அதுவே கடனைவிடப் பதினைந்தாயிரம் கூடுதல்.

"அண்டா இருக்கிற வரைக்கும் நாம திவாலில்லை. திவாலில்லேன்னா அண்டா போயிரும்," என்றார் மாசானம். அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அண்டாவைக் காப்பாத்தணும்னா அது நம்மகிட்ட இருக்கப்படாது."

"நம்பகமான ஆளு வேணுமே. பூட்டு உள்ள குடோனா இருக்கணும். எவன் கேட்டாலும் குடுக்காதவனா இருக்கணும்."

மூணு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அண்ணாச்சி!"

வியாழக்கிழமை காலையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். அண்ணாச்சி அண்டாவைத் தட்டிப் பார்த்தார், புரோநோட்டைக் கிழித்தார், குடோனைப் பூட்டினார். "கடனுக்கும் இதுக்கும் சரியாப்போச்சு. போயிட்டு வாங்க."

தம்பிமார் ஓடோடி வக்கீலிடம் வந்தார்கள், பின்னாலேயே மாசானமும். "ஐயா, இப்போ ஒரு கரண்டிகூட இல்லை. கேசை எழுதுங்க!"

விஷயத்தைக் கேட்ட வக்கீல் தலையில் கை வைத்தார். "அண்டாவும் போச்சா! அட பாவிகளா, இப்போ கடனே இல்லையே. கடனில்லாதவன் எப்படிய்யா திவாலாவான்?"

மறுபடியும் ஆலோசனை. இந்தத் தடவை வக்கீல் மேஜைக்கு முன்னாலேயே நடந்தது. முடிவில் மாசானம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஐயா, நீங்களே ஒரு நாப்பத்தஞ்சாயிரம் கடன் குடுத்துருங்க."

"எப்படித் திருப்பிக் குடுப்பீரு?"

"அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். நல்ல வக்கீலா வச்சிருக்கோம். ஒரு பைசா திருப்பிக் குடுக்க விடமாட்டாரு."

வக்கீல் எழுந்தார். கறுப்புக் கோட்டை எடுத்துத் தோளில் போட்டார், தன் ஆபீசை அப்படியே திறந்துபோட்டுவிட்டு, படியிறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

பிச்சைக்கண்ணு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, தங்கமான மனுசன். கையில காசு இல்லை போல. நமக்காக அண்ணாச்சிகிட்ட கடன் வாங்கப் போறாரு!"