உலைப்பூதத்திடம் கேட்ட ஒரு மூச்சு நேரம்

முன்னொரு காலத்தில், ஒரு கைக்குழந்தையின் முதுகுக்குள், கடுகைவிடச் சின்னதாய் ஒரு நாடு இருந்தது. உயிரணு நாடு. சுற்றிலும் கொழுப்பு மதில். நடுவே மைட்டோகாண்ட்ரியா என்னும் உலைப்பூதம். அது சர்க்கரையைத் தின்னும், நாட்டின் சக்கரங்களைச் சுழற்றும், மூச்சு விட்டால் அனலடிக்கும்.

அந்நாட்டாருக்கு எலும்பில்லை. புடவைபோல் மடித்த மடிப்புதான் உடம்பு. மடிப்பு குலைந்தால் நினைவும் போச்சு, வேலையும் போச்சு. குலைந்தவர்களை மடித்து நிறுத்துகிறவள் காத்தாயி. முன்கோபக்காரி, பேரத்தில் விட்டுக்கொடுக்காதவள். அவள் தங்கை பூவாயிக்குப் பூதத்தின் வாயோரம் வேலை.

ஒருநாள் வாடைக்காற்றில் குழந்தை நடுங்கியது. பூதம் சக்கரங்களை விட்டுவிட்டு, தின்றதையெல்லாம் அனலாய் ஊதியது. மதில் இளகியது. வாயோரம் நின்றவர்கள் குலையத் தொடங்கினார்கள்.

காத்தாயி ஓடினாள். “பூதமே, தணிஞ்சு எரி.”

“தணிஞ்சா குழந்தை விறைச்சிடும். அப்புறம் நாடு ஏது?”

“அப்போ பாதி எரி.”

“பாதிச் சூட்டுல பாதிக் குழந்தையா பிழைக்கும்?”

“நக்கலா உனக்கு? ஒரே ஒரு மூச்சு நேரம் அடக்கு. என் தங்கச்சியை இழுத்துக்கிறேன்.”

பூதம் மூச்சை அடக்கியது.

வழியில் ஒருவன் காலைப் பிடித்தான். திட்டிக்கொண்டே மடித்தாள். ஒருத்தி கையைப் பிடித்தாள். திட்டிக்கொண்டே மடித்தாள். ஒரு கிழவர் பேசாமல் பார்த்தார். அவரைத் திட்ட வாய் வரவில்லை, மடித்தாள். பூதம் மூச்சு முட்டி, மறுபடி ஊதியது.

பூவாயியிடம் போய்ச் சேர்ந்தபோது அவள் வெந்த முட்டைபோல் இறுகிப் போயிருந்தாள். அதை மடிக்க முடியாது.

வெளியே தாய் ஓடிவந்து குழந்தையைப் போர்த்தினாள். குழந்தை பிழைத்தது. அனல் தணிந்தது, சக்கரங்கள் சுழன்றன, இளகிய மதில் பழையபடி நின்றது.

“வேணுங்கிறதைக் கேளு,” என்றது பூதம்.

“என் தங்கச்சி.”

“நாட்டாரையெல்லாம் வார்க்கிற அச்சு இருக்கிற அரண்மனையில அவ அச்சும் இருக்கு. அதே முகத்துல இன்னொருத்தி வருவா. ஆனா அவளுக்கு உன்னைத் தெரியாது.”

காத்தாயி முதல்முறையாகப் பேரம் பேசவில்லை. “சரி. இன்னொண்ணு. நீ கொதிக்கும்போதெல்லாம் என்னை மாதிரி நிறையப் பேர் பிறக்கணும். ரெண்டு கை போதலை.”

“ஆகட்டும்.”

அன்றுமுதல் அந்நாட்டில் சூடு ஏறினாலே மடிக்கிறவர்கள் பிறக்கிறார்கள்.

அரண்மனையிலிருந்து புதியவள் துவண்டு வந்தாள். காத்தாயி மடிப்பு மடிப்பாய் நிறுத்தினாள். அதே கண் திறந்தது.

“நீங்க யாருங்க?”

“மடிக்கிறவ,” என்றாள் காத்தாயி. “போம்மா. அனலுக்கு ரொம்பக் கிட்டப் போகாதே.”