உதைத்தும் கிளம்பாத வண்டி

ஜோலார்பேட்டை ரயில்வே கேட் ஓரம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக் கௌஸிடம் சௌந்தரவல்லி பாடம் கேட்கப் போனாள். வயதில் அவள்தான் மூத்தவள். அவர் அவளை அக்கா என்றார், அவள் அவரை வாத்தியாரே என்றாள். இருவருக்கும் அதில் கூச்சம் எதுவும் இல்லை.

ரயில் ஓட்டிய கணவர் ரத்தினவேல் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்தான் விஷயம். அந்தக் காலத்து ஒற்றை சிலிண்டர். உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். கருமாதி முடிந்த கையோடு கொழுந்தன் தனபால் சாவியைக் கேட்டான். பொம்பளைக்கு எதுக்கு இந்த எருமைக்கடா என்பது அவன் கட்சி. நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றாள் சௌந்தரவல்லி. அப்படியானால் ஆயுத பூஜையன்று எல்லார் முன்னாலும் கிளப்பி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் காட்டுங்கள் அண்ணி, முடியாவிட்டால் வண்டி எனக்கு என்றான் அவன். சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தாங்காமல் அவளும் சரி என்று சொல்லித் தொலைத்தாள்.

முதல் நாளே கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. அவள் நொண்டிக்கொண்டு வந்து கேட்டாள்.

"வாத்தியாரே, இது ஏன் என்னை உதைக்குது?"

கௌஸ் அவளைக் கீழே உட்காரவைத்து, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அமுக்கச் சொன்னார். பாதி வழியில் அது கல்லாக நின்றது.

"எங்க முட்டுது?"

"இங்க."

"அந்த இடத்துலயே நீங்க ஓங்கி மிதிக்கிறீங்க. அது சும்மா இருக்குமாக்கா?"

பிறகு கைப்பிடியில் இருந்த, உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விடும் சின்ன லீவரைப் பிடித்து அந்த முட்டலைத் தாண்டவைத்தார். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது முழுசாக மிதியுங்கள் என்றார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள். வண்டி இருமியது, இன்னொரு மிதியில் தடதடவென்று பிடித்துக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று இரண்டையும் அடக்காமல் விட்டாள்.

கிளம்பாவிட்டால் வண்டியைத் திட்டக்கூடாது, விசாரிக்க வேண்டும் என்றும் கௌஸ் பழக்கினார். பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கே கை தேர்ந்தது. பூஜைக்கு முன்பே கடைத்தெருவரை ஓட்டிப் போய்க் காய்கறி வாங்கி வந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவாமல் பூஜையா? விடியற்காலையிலேயே ரப்பர் குழாயைப் பிடித்து இண்டு இடுக்கு விடாமல் தண்ணீர் அடித்தாள். சந்தனம், குங்குமம், கதம்ப மாலை எல்லாம் ஏறின. தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியதும் வண்டி மாப்பிள்ளை மாதிரி பிள்ளையார் கோயில் வாசலில் நின்றது, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு.

தனபால் புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சொந்தங்கள் கூடின. பொரி கடலை வாங்கிப் போக கௌஸும் வந்திருந்தார். சௌந்தரவல்லி முட்டலைத் தாண்டவைத்து, முழுசாக மிதித்தாள். சத்தமே இல்லை. திரும்பத் திரும்ப மிதித்தாள். யாரோ செருமினார்கள்.

அவள் பதறவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பொறி இல்லை. எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே பொறியைக் கிளப்பும் பாயின்ட்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. காலையில் அவள் அடித்த அதே தண்ணீர்.

துடைத்தும் உள் ஈரம் போகவில்லை. வெயிலில் நிறுத்தினால் மத்தியானம் கிளம்பிவிடும் என்றாள். மத்தியானக் கதையெல்லாம் வேண்டாம், பேசின பேச்சுப்படி சாவியைக் கொடுங்கள் என்று தனபால் கையை நீட்டினான். சொன்ன சொல் சொன்னதுதானே. சாவி இருந்த கை தானாக மேலே எழுந்தது.

"வாத்தியாரே, எல்லாம் கத்துக்கிட்டேன். கடைசியில எங்க தப்பு பண்ணேன்? கழுவுனதுலயா?"

கௌஸ் பொரிப் பொட்டலத்தை மதில்மேல் வைத்துவிட்டு தனபாலின் ஸ்கூட்டரிடம் போனார். புது வண்டியா என்று விசாரித்தார். குனிந்து, பிளக் வயரைப் பிடுங்கிவிட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

விளையாட்டாக்கும் என்று தனபாலும் பட்டனை அமுக்கினான். ஸ்கூட்டர் முனகியதோடு சரி.

"ஆகலையே" என்றபடி கௌஸ் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு ஸ்கூட்டரை ஒர்க்‌ஷாப் பக்கம் உருட்ட ஆரம்பித்தார். ஏதோ சந்தையில் வாங்கிய மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்போல நிதானமாகப் போனார். தனபால் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தான்.

"யோவ், ஸ்டார்ட் ஆனா என்ன, ஆகலேன்னா என்ன? அது என் வண்டிய்யா."

கூட்டத்தில் ஒரு கிழவர் களுக்கென்று சிரித்துவிட்டார். கௌஸ் வயரை மாட்டிக் கொடுத்தார். தனபாலுக்கு முகம் சிவந்தது. அது வேற, இது வேற, அண்ணி வாக்கு கொடுத்திருக்காங்க என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னான்.

அவன் சொன்னதும் பொய் இல்லையே. அதுதான் அவளைச் சுட்டது.

"ஆமா வாத்தியாரே. வாக்கு கொடுத்துட்டேனே."

கௌஸ் பொரிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாக்கு கொடுத்தீங்க, சரி. அதுக்கு முந்தின நாள் அது யாரு வண்டி, அக்கா?"

சௌந்தரவல்லி நீட்டிய கையை மடக்கினாள். சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, எலுமிச்சம்பழம் நசுங்க நசுங்க, தனபாலைத் தாண்டி வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.