குருவிக்குக் கட்டிய முதல் கதிர்

குருவிக்கும் கொக்குக்கும் மனுஷர் பேச்சு வாய்த்திருந்த அந்தக் காலத்தில், கொள்ளிடக் கரையோரம் ஓர் ஊரில் வடிவாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். நல்லவள்தான், கைதான் கொஞ்சம் இறுக்கம். புடைக்கும்போது ஒரு நெல்மணி தெறித்து அடுப்புச் சாம்பலில் விழுந்துவிட்டால், சாம்பலைக் கிளறி, அந்த ஒற்றை மணியைத் தேடி எடுத்து, ஊதி முறத்தில் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுக்கும் புருஷன் குஞ்சிதபாதத்துக்கும் இருந்தது இரண்டே வயல். மேட்டு வயல் சின்னது, அதில் வெள்ளை நெல் விளையும். பள்ளத்து வயல் பெரியது, ஆனால் ஐப்பசி பிறந்தால் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கக்கூடிய நெல் ஒன்றே ஒன்றுதான். நெட்டைச் சிவப்பு என்று அதற்குப் பெயர். ஊரிலேயே அத்தனை பள்ளம் இவர்கள் வயல் மட்டும்தான். அதனால் அந்த விதையும் இவர்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

அப்போதெல்லாம் குருவிகள் மரத்தில்தான் குடியிருந்தன. வீட்டுப் பக்கம் வந்தால் விளக்குமாறு பறந்து வரும் என்று அவற்றுக்குத் தெரியும். ஒரு கார்த்திகை மழையில் பூவரச மரம் சாய்ந்து, ஒரு குருவியின் கூடு தண்ணீரோடு போயிற்று. நனைந்த குருவி வடிவாம்பாள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"அக்கா, மழை விடுற வரைக்கும் உங்க கூரை ஓரத்துல ஒண்டிக்கட்டுமா?"

"ஒண்டுறதெல்லாம் சரி. நெல்லுப் பக்கம் மூக்கை நீட்டினே, அப்புறம் நடக்கிறதே வேற."

"நீட்ட மாட்டேன்க்கா."

மழை விட்டது. குருவி போகவில்லை. கூரைச் சரிவில் வைக்கோலைச் செருகிக் கூடே கட்டிவிட்டது. மார்கழிக் கடைசியில் போகி வந்தபோது, பழைய பாயையும் முறத்தையும் வெளியே தள்ளிய கையோடு வடிவாம்பாள் கூட்டையும் தள்ளிவிடுவது என்று விளக்குமாற்றை ஓங்கினாள். உள்ளே மூன்று முட்டை இருந்தது. விளக்குமாறு தானாகக் கீழே இறங்கியது. அவளும் பிள்ளை பெற்றவள்தானே.

மறுநாள் தைப்பொங்கல். பள்ளத்து வயலில் அறுத்த முதல் கதிர்களைச் சூரியனுக்கு முன்னால் வைத்து, புதுப்பானையில் பால் பொங்கி, மகள் தையல்நாயகி தொண்டை கிழியக் கத்தி, கும்பிட்டு எழுந்தார்கள். அப்போது கூரையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, இன்னைக்குச் சூரியனுக்குப் படைச்சீங்க. நாளைக்கு மாட்டுக்குப் படைப்பீங்க. நல்ல காரியம். பயிருல புழு விழுந்தப்ப பொழுது விடிஞ்சதுலேர்ந்து பொறுக்கினோமே, எங்களை யாருமே நெனைக்கலையே?"

தையல்நாயகி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குஞ்சிதபாதம் சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாலு பேர் எதிரே இப்படிக் கேட்டால் வடிவாம்பாள்தான் என்ன செய்வாள்? ஒரு கைப்பிடிக் கதிரை உருவி, வாழைநாரால் கட்டி, நிலைவாசலில் தொங்கவிட்டாள்.

"இந்தா, உன் பங்கு. வருஷம் முச்சூடும் இதுதான். இதுக்கு மேல ஒரு மணி கேக்கப்படாது."

"சரிக்கா" என்றது குருவி. எப்படிச் சொன்னாள் என்று அது யோசிக்கவில்லை. கொடுத்தாள் என்பதிலேயே அதற்கு மனசு நிறைந்துவிட்டது.

மாதங்கள் ஓடின. ஆனி வந்தது. சிவப்பரிசி சித்திரையோடு தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் மிச்சம் இரண்டே இரண்டு: சாப்பாட்டுக்கு மேட்டு வயல் வெள்ளை நெல், ஆடியில் விதைக்க வைக்கோல் சுற்றிக் கட்டிய கோட்டைக்குள் நெட்டைச் சிவப்பு. அன்று நல்ல வெயில். விதைநெல்லுக்கு ஒரு வெயில் காட்டலாம் என்று அதை ஒரு பாயில் பரப்பினாள். ஊறவைத்து அவிக்க வேண்டிய வெள்ளை நெல்லைப் பக்கத்தில் இன்னொரு பாயில் கொட்டித் தூசி பார்த்தாள். உமியோடு பார்த்தால் இரண்டும் ஒரே நிறம்தான். உமியை நீக்கினால்தான் ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

திடீரென்று மேற்கே கறுத்தது. சடசடவென்று தூறல். புருஷன் வாய்க்கால் வெட்டப் போயிருந்தார். ஒரு மணியும் நனையக்கூடாது என்கிற பதற்றத்தில் அவள் இரண்டு பாயையும் சுருட்டி இருட்டுக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டாள். மழை ஓய்ந்ததும் ஒரு பாயைத் தண்ணீர் அண்டாவில் கவிழ்த்தாள். ஒரு நாள் ஊறியது. மறுநாள் அவித்து, காயவைத்து, பதம் பார்க்க இரண்டு மணியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

அரிசி சிவப்பாக இருந்தது.

அவித்த நெல் முளைக்காது. அது அவளுக்குத் தெரியும், அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். வடிவாம்பாள் ஓடிப்போய்க் கொட்டகையில் இருந்த மற்றப் பாயைப் பார்த்தாள். அதில் வெள்ளை நெல். அதைப் பள்ளத்தில் விதைத்தால் ஐப்பசித் தண்ணீரில் மூழ்கி அழுகிப்போகும். அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், யாரிடமும் அந்த விதையே கிடையாது. மாமனாருக்குப் பாட்டன் காலத்திலிருந்து கைமாறி வந்த விதை, அவள் கையால் வெந்துபோயிற்று.

குஞ்சிதபாதம் வந்தார், பார்த்தார், திட்டக்கூட இல்லை. "இனி அந்த வயல்ல மீன்தான் புடிக்கணும் வடிவு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. கூரைக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அக்கா, ஏன் அழுவுறீங்க?" கூரையிலிருந்து குருவி எட்டிப் பார்த்தது.

அவள் சொன்னாள். குருவி தலையைச் சாய்த்துக் கேட்டது. உள்ளே போனது. வைக்கோலை இழுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கதிர் கீழே விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவள் மடியிலும் தலையிலும் கதிர்கள் விழுந்தன. மணி குலையாத, மழை படாத, நெட்டைச் சிவப்புக் கதிர்கள்.

வடிவாம்பாள் ஒரு கதிரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது... தையில நான் கட்டினதா? நீ திங்கவே இல்லையா?"

"நாலு கதிர் தின்னேன்க்கா. வருஷம் முச்சூடும் இதுதான்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் வெயில் காலத்துல புழு பூச்சியத் தின்னுக்கிட்டு, இதை மழைக்காலத்துக்குன்னு எடுத்து உள்ள வச்சேன்."

"அப்போ மழைக்காலத்துல உன் குஞ்சுங்களுக்கு?"

"வெறும் வயல்ல எனக்கு மட்டும் புழு கெடைக்குமாக்கா? எடுத்துக்கங்க."

வேண்டாவெறுப்பாகக் கட்டிய ஒரு பிடிக் கதிர். மனசுக்குள் 'இத்தோடு தொலைந்தது' என்று நினைத்துக்கொண்டு சொன்ன சொல். அதை இந்தக் கையகலக் குருவி வேதவாக்காக எடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறதே! வடிவாம்பாள் அந்தக் கதிர்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெட்கத்திலும் நன்றியிலும் அவளுக்கு மறுபடி அழுகை வந்தது. இந்த அழுகை வேறு.

ஆடியில் அந்த ஒரு பிடி விதையை நாற்றாக்கி, பள்ளத்து வயலின் ஒரு மூலையில் ஒவ்வொரு நாற்றாகத் தள்ளித் தள்ளி நட்டார்கள். மற்ற இடம் தரிசாகத்தான் கிடந்தது. அந்த வருஷம் பாதி வயிற்றுக் கஞ்சிதான். இருந்தாலும் மழைக்காலம் முழுக்க, காலையில் வாசல் தெளித்ததும் வடிவாம்பாள் ஒரு பிடி நொய்யைக் கூரைக்குக் கீழே வைக்கத் தவறவில்லை. சிந்தியதை அவள் பொறுக்கவும் இல்லை. இதைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது.

தை பிறந்தது. அந்த மூலை மட்டும் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தது. அடுத்த ஆடிக்கு முழு வயலுக்கும் விதை தேறிவிட்டது.

பொங்கலன்று அடுப்பு மூட்டக் குஞ்சிதபாதம் நெருப்பை எடுத்தார். "பொறுங்க" என்றாள் வடிவாம்பாள். முதலில் அறுத்த கதிரை எடுத்து, நல்ல தடித்த கட்டாகக் கட்டி, தையல்நாயகி கையில் கொடுத்து, அவளைத் தூக்கி நிலைவாசலுக்கு உயர்த்தினாள்.

"நீ கட்டு கண்ணு. நல்லா இறுக்கிக் கட்டு."

"எவ்வளவு நாளைக்கும்மா இது குருவிக்கு?"

"தீர்ற வரைக்கும். தீர்ந்தா அம்மா வேற வைப்பேன்."

கூரையிலிருந்து குருவி பறந்து வந்து கதிரில் உட்கார்ந்து ஆடியது. அதற்குப் பின்னால் அதன் மூன்று பிள்ளைகள். அதற்கப்புறம்தான் அடுப்பு எரிந்தது, பானை பொங்கியது.

அந்தத் தையிலிருந்துதான், பானை பொங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே சின்னப் பிள்ளை கையால் முதல் கதிர் வாசலில் ஏறுகிறது. குருவியும் யாரிடமும் கேட்காமல் நம் வீட்டுக்குள் வந்து போகிறது.