அதிரச மாவுக்கு ஏன் அவசரமில்லை

அந்தக் காலத்தில் காக்கை சேதி சொல்லும், எறும்பு வழக்குப் பேசும், அரிசியும் வெல்லமும்கூட வாயைத் திறந்தால் லேசில் மூடாது. மனிதர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அவையெல்லாம் பின்னால் பேச்சை நிறுத்திக்கொண்டன என்கிறார்கள். இருக்கலாம், எனக்கே சில நாள் அப்படித் தோன்றுகிறது.

அப்போது பண்டிகைப் பலகாரம் என்றால் அன்றைக்குக் கையில் கிடைப்பதில் செய்வதுதான். கறந்த பால், துருவிய தேங்காய், கனிந்த வாழைப்பழம். காலையில் கிண்டி, பொழுது சாய்வதற்குள் தின்று, கையைக் கழுவிவிட வேண்டும். மறுநாள் வைத்தால் புளித்துப் போகும். அரிசி சோற்றுக்கு, வெல்லம் கஷாயத்துக்கு என்று அது அது அதன் அதன் பானையில் கிடந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மருதடி என்ற ஊரில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். சடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது, அவன் தங்கை நாச்சிக்கு நாலு வயது. தாயில்லாப் பிள்ளை. கல்யாணத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அந்தப் பிள்ளை புதுப்பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது, விடவே இல்லை. செங்கமலத்துக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தங்காவிட்டால் என்ன? பேன் பார்த்தது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடியக் கிடந்தது எல்லாம் நாச்சிக்குத்தான். ஊரார் கேட்டால், "எம் புருஷனோட தங்கச்சி" என்று வாயால் சொல்வாள். நாச்சியும் அவளை "மதினி" என்றுதான் கூப்பிடுவாள். முறை என்று ஒன்று இருக்கிறதே.

போன தை மாதம் நாச்சியை ஆற்றுக்கு அக்கரையில் புன்னைக்கரையில் கார்மேகத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாட்டு வண்டியில் இரண்டு நாள் வழி. ஐப்பசி பிறந்தது, தலை தீபாவளி வந்துவிட்டது.

தலை தீபாவளிக்குப் பிறந்த வீடு போகிற பெண் திரும்பும்போது ஒரு கூடைப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். அந்தக் கூடையை மாமியார் வீட்டுத் தெருவே எட்டிப் பார்க்கும். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குக் கவலையில்லை. நாச்சிக்கு இரண்டு நாள் வழி. தேங்காயில் செய்தாலும் பாலில் செய்தாலும் பாதி வழியிலேயே ஊசிப்போகும். இந்த நேரம் பார்த்து ஒரு அண்டங்காக்கை கூரையில் வந்து உட்கார்ந்தது. காக்கைக்குத்தான் வாயில் எதுவும் நிற்காதே. புன்னைக்கரைக் கிணற்றடியில் நாச்சியின் மாமியார் சொன்னதை அப்படியே ஒப்பித்தது.

"தாயில்லாப் பொண்ணு. அவளுக்குக் கூடை நெறைச்சு அனுப்ப யாரு இருக்கா? வெறுங்கைய வீசிக்கிட்டுத்தான் வருவா."

செங்கமலம் கையிலிருந்த அகப்பையை அப்படியே கீழே வைத்தாள். அன்று முழுவதும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சடையப்பன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டான். மனைவியின் முகம் பார்த்து நடக்கத் தெரிந்த மனுஷன்.

மறுநாள் காலையில் அவள் உக்கிராண அறைக்குள் போய் ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்த்தாள். குதிரில் பச்சரிசி இருந்தது. அடுப்புக்கு மேலே பரணில், புகை குடித்துக் கறுத்த பானையில் வெல்லம் இருந்தது. நாலு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு, சாடியில் நல்லெண்ணெய், கொஞ்சம் நெய். இதில் எதுவும் வருஷம் முழுக்கக் கெடுவதில்லை. கெடாத பொருளில் செய்தால் கெடாத பலகாரம் வராதா என்று அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. வெல்லம் இருந்ததெல்லாம் அவ்வளவுதான். இனி கரும்பு ஆட்டத் தை பிறக்க வேண்டும். போனால் போனதுதான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்தாள். வெல்லத்தைக் காய்ச்சிப் பாகு எடுத்து, அந்த மாவைக் கொட்டிக் கிளறினாள். அவ்வளவுதான், ஆரம்பித்தது சண்டை.

வயலில் பிறந்து, சாமிக்குப் படைக்கப்படுகிற தன்னை இந்தப் பிசுக்குப் பயலோடு சேர்த்துவிட்டாளே என்று அரிசிக்கு ஆத்திரம். நானில்லாமல் உன்னை எவன் சீந்துவான், கஞ்சிக்குத்தான் நீ லாயக்கு என்று வெல்லம் திருப்பிக் கொடுத்தது. அது இதைப் பட்டினி மூஞ்சி என்றது, இது அதை ஈ மொய்க்கிற பயல் என்றது. செங்கமலம் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு உருண்டையைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.

போட்டதும் அரிசி ஒரு பக்கம் ஓடியது, வெல்லம் ஒரு பக்கம் ஓடியது. சட்டி முழுக்கத் தூள். இன்னொன்று போட்டாள், அதுவும் அப்படியே பிரிந்து கரைந்தது. நல்ல எண்ணெய் கறுத்து, அடி தீய்ந்து, வீடெல்லாம் புகை. செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையால்தான் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் அண்டங்காக்கை மறுபடியும் வந்தது. சிறகெல்லாம் நனைந்திருந்தது.

"தாயி, ஆத்துல வெள்ளம். ரெண்டு கரையும் முட்டிப் போகுது. வண்டி கெளம்பல. தீபாவளிக்கு அவங்க வர முடியாது" என்றது.

செங்கமலம் சட்டியை இறக்கினாள். அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். மீதி மாவைச் சுரண்டி ஒரு பானையில் அமுக்கி, மேலே நெய்யைத் தடவினாள். உள்ளே இரண்டும் இன்னும் ஏசிக்கொண்டுதான் இருந்தன.

"வாய மூடுங்க ரெண்டு பேரும். ஒரே பானைக்குள்ள கெடந்து அடிச்சுக்குங்க" என்று சொல்லி, பானை வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டினாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நாச்சி வந்து இந்த அடுப்புக்கு முன்னால உக்காராம, இனி இங்க எண்ணெய்ச் சட்டி ஏறாது" என்றாள்.

தீபாவளி வந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் வாசனை. செங்கமலம் வீட்டில் மட்டும் வெறும் சோறும் ரசமும். நல்ல நாளும் அதுவுமாக அடுப்பில் எண்ணெய் காயாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மாவு இந்நேரம் ஊசிப் போயிருக்கும், மாட்டுக்காவது வை என்று ஒருத்தி புத்தி சொன்னாள். சடையப்பன் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு பிடி வறுத்த கடலையை மென்றபடி வாசலில் உட்கார்ந்திருந்தான். கேட்டவர்களிடமெல்லாம், எங்கள் வீட்டில் தீபாவளி கொஞ்சம் தாமதமாக வருகிறது என்று சொல்லிச் சிரித்தான். அந்த ஒரு பேச்சுக்கே அவனுக்குக் கோயில் கட்டலாம்.

பானைக்குள் முதல் நாள் கூச்சல். இரண்டாம் நாள் முணுமுணுப்பு. மூன்றாம் நாள் காலையில் செங்கமலம் காதை வைத்துக் கேட்டாள், ஒரு சத்தமும் இல்லை. செத்துத்தான் போய்விட்டதோ? திறந்து பார்க்கப் பயம். கெட்டுப் போயிருந்தால் அந்த வெல்லமும் போச்சு, நாச்சியின் கூடையும் போச்சு. எறும்பு ஏறாமல் இருக்க அவள் பானையைத் தண்ணீர்த் தாம்பாளத்துக்கு நடுவில்தான் வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் பார்த்தால் தாம்பாளத்தின் விளிம்பைச் சுற்றி எறும்புக் கூட்டம், எல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அதில் மூத்த எறும்பு பேசியது. தாங்கள் திருட வரவில்லையாம், நியாயம் கேட்க வந்தார்களாம். ஐந்து நாளாக இப்படி ஒரு வாசனையைக் காட்டி, நடுவில் தண்ணீரையும் விட்டால் புள்ளைகுட்டிக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்டது.

"கெட்டுப்போன வாசனை இல்லையே?" என்று கேட்டாள் செங்கமலம்.

"கெட்டதுக்கு நாங்க எதுக்குத் தாயி வரிசை கட்டி நிக்கிறோம்?" என்றது எறும்பு.

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு சிரட்டை நிறைய நொய்யரிசியை எறும்புகளுக்குப் போட்டாள்.

அன்று மதியம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நாச்சி மாடு நிற்பதற்கு முன்பே குதித்து ஓடிவந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். செங்கமலம் அவள் கன்னத்தைத் தடவி, தோளைத் தடவி, "என்ன புள்ள இப்படி எலும்பா வந்து நிக்கிற" என்று திட்டினாள். பின்னால் வந்த கார்மேகம், வெள்ளம் வடிகிறவரை தினமும் நாலு தடவை ஆற்றங்கரைக்குப் போய் இவள் அழுதுகொண்டு நின்றாள் என்று சொன்னான்.

அடுப்பு பற்றவைத்தார்கள். நாச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். செங்கமலம் பானை வாயில் வேடு கட்டிய துணியை அவிழ்த்தாள். உள்ளே எது அரிசி, எது வெல்லம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தொட்டால் பட்டுப்போல இருந்தது. ஐந்து நாள் ஒரே பானையில் கிடந்ததில் அரிசி பாகைக் குடித்திருந்தது, வெல்லம் அரிசிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நல்லா இருக்கீங்களா என்று அவள் கேட்டதற்கு, ஒரே ஒரு குரல்தான் தூக்கக் கலக்கத்தோடு "ம்" என்றது.

வாழையிலையில் தட்டி எண்ணெயில் விட்டாள். அமிழ்ந்தது. சட்டியைச் சுற்றி இருந்த எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் மெதுவாக மேலே எழும்பி, உப்பி, பொன் நிறமாகச் சிவந்து நின்றது. பிரியவில்லை. இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்து எடுத்து, முதலில் நாச்சியின் கையில் வைத்தாள். நாச்சி ஊதி ஊதித் தின்றாள். தின்றுகொண்டிருக்கும்போதே அவள் கண் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தது. பண்டிகை நடந்த வீட்டில் ஒரு பலகாரத் தட்டுகூட இல்லை.

"மதினி, நீங்க தீபாவளிக்கு ஒண்ணுமே செய்யலையா?"

"நீ இல்லாம எனக்கு என்ன தீபாவளி?" என்றாள் செங்கமலம். நாச்சி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எண்ணெய் காய்கிறது, தள்ளி உட்கார் என்று செங்கமலம் சொன்னாள், ஆனால் தானும் நகரவில்லை.

மூன்று நாள் இருந்துவிட்டு, கூடை நிறையப் பலகாரத்தோடு நாச்சி கிளம்பினாள். வண்டி போன பிறகு செங்கமலத்துக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு நாள் வழியில் கெட்டுப்போகுமோ, உதிர்ந்து போகுமோ, அந்த மாமியார் என்ன சொல்வாளோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் அண்டங்காக்கை வந்து சேர்ந்தது. முதலில் தண்ணீர் கேட்டது, அப்புறம் சோறு கேட்டது. எல்லாம் முடித்துத்தான் வாயைத் திறந்தது.

மாமியார் முதல் பலகாரத்தை நின்றுகொண்டே தின்றாளாம். இரண்டாவதை உட்கார்ந்து தின்றாளாம். மூன்றாவதைத் தின்றுவிட்டு, தெருப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று மட்டும் கொடுத்து, கூடையைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டாளாம். எப்படிச் செய்கிறது என்று கேட்டு வரச் சொன்னாளாம். அவசரப்பட்டால் பிரிந்து போகும், பிசைந்து வேடு கட்டி வைத்துவிட்டு மறந்துவிடச் சொல் என்றாள் செங்கமலம்.

காக்கை போகவில்லை. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

"இன்னொண்ணு இருக்கு தாயி. யாரு செஞ்சு குடுத்தான்னு மாமியாக்காரி கேட்டா. தெருவே நின்னுக்கிட்டிருக்கு. 'எங்க அம்மா செஞ்சது'ன்னு நாச்சி சொன்னா."

செங்கமலம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சடையப்பன் பதறி ஓடிவந்து என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, அடுத்த வருஷத்துக்கு வெல்லம் கூடுதலாக வாங்க வேண்டும் என்றாள்.

அதற்கு அதிரசம் என்று பேர் வைத்ததெல்லாம் பின்னால் வந்தவர்கள். ஆனால் அன்று முதல்தான், அதிரச மாவைப் பிசைந்த கையோடு யாரும் சுடுவதில்லை. நெய் தடவி, வேடு கட்டி, மேலே எடுத்து வைத்துவிட்டு, வரவேண்டிய பிள்ளை வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுகிறோம்.