தயிர்ச்சட்டி போட்டிருக்கும் மூடி

முதலில் அநியாயம் செய்தது மாடி வீட்டுத் தயிர்ச்சட்டி. இந்தக் கதையில் பின்னால் வேறு யார் யாரோ வருவார்கள், கூத்தெல்லாம் நடக்கும். அந்தக் கூத்தில் இது மறந்துபோகும் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தெருவில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில், எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று வாழ்ந்து வந்தது. குருவம்மாளுக்குக் கல்யாணச் சீராக வந்த வாளி. அதன் வயிற்றிலும் மூடியின் நெற்றியிலும் புள்ளி புள்ளியாகக் குருவம்மாள் என்று பெயர் வெட்டியிருந்தது. ஒரு தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலைச் சுமந்துகொண்டு அது மாடிக்குப் போனது. வாளி, உள்ளே ஒரு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. மூடி வரவில்லை.

மாடியில் ஒரு மண்சட்டியில் அப்போதுதான் பாலுக்கு உறை ஊற்றியிருந்தார்கள். மூட ஒன்றும் அகப்படாமல் கைக்கு வந்த மூடியை எடுத்து வைத்தார்கள். அளவெடுத்துத் தைத்த தொப்பி மாதிரி அது தயிர்ச்சட்டிக்குப் பொருந்திவிட்டது. அன்றைக்குப் போட்டதை அது கழற்றவே இல்லை.

குருவம்மாள் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் மாடியில் இருப்பது வீட்டுக்காரி அற்புதமணி. கீழ்வீட்டு வாடகை எந்த மாதமும் தேதிக்குப் போனதில்லை. வாடகையைத் தள்ளித் தள்ளிக் கொடுப்பவள் எந்த வாயால் மூடி கேட்பாள்?

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. குருவம்மாளின் புருஷன் அய்யாத்துரைக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. வெயில் இல்லாவிட்டால் குச்சி காயாது, குச்சி காயாவிட்டால் கூலி கிடையாது. வாரத்தில் பாதி நாள் அவன் வீட்டில் உட்கார்ந்து வானத்தைத் திட்டினான். வானம் பதிலுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றியது.

குருவம்மாள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பழைய பாத்திரக்காரர் வருவார், உபயோகமில்லாததை எடைக்குப் போட்டுவிடலாம் என்றாள். எது உபயோகமில்லாதது என்று அய்யாத்துரை கேட்டான்.

அவள் கண் தூக்குவாளியின் மேல் நின்றது. "மூடி இல்லாத வாளிய வச்சு என்ன செய்ய?"

தூக்குவாளிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. எவர்சில்வர் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், இது வேறு சில்லிப்பு.

மறுநாள் மத்தியானம் இருவரும் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, அடுப்படியில் கூட்டம் கூடியது. குடும்பத்துக்கு மேல்வரும்படி எப்படித் தேடுவது என்பதுதான் பேச்சு. இன்றைக்கு வாளி, நாளைக்கு யாரோ.

மிக்ஸிதான் முதலில் கத்தியது. ஊருக்கே மாவரைத்துக் கொடுக்கத் தயார் என்றது. அது சூடாகி நின்றுபோனால் அதை ரிப்பேர் செய்ய இன்னொரு வரும்படி தேட வேண்டும் என்று அரிசி புடைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய சொளகு சொன்னது. சுவர்க்கடிகாரம் தான் தினமும் பத்து நிமிஷம் வேகமாக ஓடுவதாகவும், அந்த மிச்ச நேரத்தை விற்றுவிடலாம் என்றும் யோசனை சொன்னது. முகம் பார்க்கும் கண்ணாடி, தன்னைப் பார்ப்பவர்களிடம் காசு வாங்கலாம் என்றது. உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. கண்ணாடி முகத்தைத் திருப்பிக்கொள்ள முயன்று, ஆணியில் மாட்டியிருந்ததால் முடியாமல் விட்டது.

கேஸ் சிலிண்டர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அது போன வாரம் வந்தது, இன்னும் கொஞ்ச நாளில் போய்விடும். எந்தச் சிலிண்டருக்கும் எந்த வீட்டின் மேலும் பாசம் வந்ததில்லை.

அப்போது தூக்குவாளி பேசியது.

"நம்ம தெருவுல ஒரு வழக்கம் இருக்குல்லா. பலகாரம் வந்த ஏனத்த யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டாங்க. கூச்சப்பட்டுக்கிட்டு எதையாவது போட்டுத்தான் அனுப்புவாங்க. நான் கொஞ்சமாக் கொண்டு போறேன். நிறையாக் கொண்டு வாரேன்."

டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. இவ்வளவு நாளும் இந்தச் சுரங்கத்தின் மேலேயா உட்கார்ந்திருந்தோம் என்று மிக்ஸி ஒரு சுற்றுச் சுற்றியது.

"மூடி இல்லாம மழையில எப்படிப் போவீக அண்ணாச்சி?" என்று சொளகு கேட்டது.

தூக்குவாளி மேலே, மாடி இருக்கும் திசையில் ஒரு பார்வை பார்த்தது. "இலையக் கட்டிக்கிட்டுப் போறேன். என் தலையெழுத்து யாரால வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம் குருவம்மாள் கறுப்பு உளுந்தும் எள்ளும் பூண்டும் வறுத்து இட்லிப் பொடி திரித்தாள். பொடி மணம் தெருவுக்குப் போன நேரம் பார்த்துத் தூக்குவாளி பரணிலிருந்து உருண்டு அவள் காலடியில் விழுந்தது. முக்குவீட்டு சந்தனமாரிக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டுமே என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. வாளியில் கொஞ்சம் பொடியைப் போட்டு, வாயில் வாழை இலைத் துண்டை வைத்து நூலால் கட்டி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள்.

வாளி முருங்கைக்காயோடு திரும்பி வந்தது. ஒன்றிரண்டல்ல, வாளிக்குள் நிற்காமல் மாலை மாதிரி வெளியே தொங்கியது. அடுப்படியில் ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் வாளி அடுத்த வீட்டுக்குப் போனது, கோழிமுட்டையோடு வந்தது. எதிர்வீட்டுக்குப் போனது, கடலைமிட்டாயோடு வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து சீனிக்கிழங்கு வந்தது.

ஆனால் முருங்கைக்காய் கொடுத்த சந்தனமாரியின் கிண்ணம் சும்மா இருக்குமா? அது பொடி ருசி கண்டு, அதிரசத்தோடு கீழ்வீட்டுக்கு வந்தது. இப்போது கிண்ணத்தை வெறுமனே அனுப்ப முடியாது. அதில் பொடி போனது. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுச் சம்படம் சுண்டலோடு வந்தது. சம்படத்தில் பொடி போனது.

யார் முதலில் நிறுத்துவது என்பதுதான் சிக்கல். நிறுத்துகிற வீட்டை மற்ற வீடுகள் பேசும். ஆகவே ஒருவரும் நிறுத்தவில்லை. தெரு முழுக்க ஏனங்கள் ஓடின. கிண்ணமும் சம்படமும் வழியில் மோதிக்கொண்டு, நீ எங்கே போகிறாய், உன் வீட்டுக்குத்தான், நானும் உன் வீட்டுக்குத்தான் என்று சிரித்துவிட்டுப் போயின. ஒரு வீட்டில் எல்லாப் பாத்திரமும் வெளியூர் போனதுபோல் தெருவில் இருந்ததால், வீட்டுக்காரருக்குப் பல்விளக்கும் குவளையில் ரசம் ஊற்றினார்கள். இன்னொரு வீட்டில் சாப்பிட யாருக்கும் வயிற்றில் இடமில்லை, ஆனால் திருப்பி அனுப்புவதற்காக ராப்பகலாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முறுக்குப் பொட்டலம் ஆறு வீடு சுற்றி, புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்து, இது எங்க முறுக்கு மாதிரியே இருக்கே என்று பாராட்டும் வாங்கியது.

தூக்குவாளி தலைகால் தெரியாமல் ஆடியது. "பாத்தியளா, வரும்படி கூரையப் பிச்சுக்கிட்டுக் கொட்டுது."

அப்போதுதான் சிலிண்டர் முதல் தடவையாக வாயைத் திறந்தது.

"முருங்கைக்காய வாடகைக்குக் குடுக்கலாமா?"

டம்ளர்கள் சிரிப்பை நிறுத்தின. சிலிண்டர் விடவில்லை.

"எள்ளும் உளுந்தும் காசு குடுத்து வாங்குனது. அது தீந்துபோச்சு. வந்ததெல்லாம் தின்னு தீந்துபோச்சு. நானும் பாதி தீந்துட்டேன். இதுல வரும்படி எங்க இருக்கு?"

பாசமில்லாதவன் கேட்கிற கேள்விதான் நேராக வந்து விழும். தூக்குவாளி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. ஒரு சுண்டல் மணி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பழைய பாத்திரக்காரர் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் கூவினார். குருவம்மாள் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து வாசலுக்கு எடுத்து வந்தாள். ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். வாளி அதுவரை தட்டியவர்களுக்கெல்லாம் கணீரென்று பதில் சொல்லியிருக்கிறது. அன்றைக்குச் சத்தமே எழவில்லை.

அதே நேரத்தில் சந்தனமாரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றைத் தாண்டித் தாண்டி ஓடி வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. குருவம்மாளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"மதினி, ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"என்ன மதினி?"

"ஒங்க பொடி இல்லாம எங்க வீட்டுல இப்ப இட்லி எறங்க மாட்டேங்கு. ஆனா திருப்பிப் போட்டு அனுப்ப எங்கிட்ட ஒன்னுமில்ல. முருங்கமரமே மொட்டையாப் போச்சு. அதனால இனி நான் காசு குடுத்து வாங்கிக்கிடுதேன். காசு குடுத்துட்டா ஏனத்த வெறுமனே அனுப்பலாமுல்லா?"

பொடிக்குக் காசா, நமக்குள்ளேயா என்று குருவம்மாள் இழுத்தாள். சந்தனமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"வாங்கிக்கோங்க மதினி. அதிரசம் சுட்டுச் சுட்டு என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு."

செய்தி கிண்ணங்களைவிட வேகமாகத் தெருவில் ஓடியது. காசு கொடுத்தால் திருப்பி ஒன்றும் அனுப்ப வேண்டாமாம் என்று கேட்டதும், எதிர்வீட்டுக்காரி கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அழாத குறையாகச் சிரித்தாள். பல்விளக்கும் குவளையில் ரசம் குடித்தவர் தானே கையில் ரூபாயோடு வந்து நின்றார். எல்லாரும் பொடிக்காகப் பாதியும் விடுதலைக்காகப் பாதியும் கொடுத்தார்கள். சொன்ன விலைக்கு ஒருவரும் பேரம் பேசவில்லை.

பாத்திரக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னம்மா, வாளியைப் போடவா என்றார்.

குருவம்மாள் வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "இத எடைக்குப் போட்டுட்டா பொடிய எதுலண்ணே கொண்டுபோய்க் குடுக்க?"

அவர் கூவிக்கொண்டே போய்விட்டார். பேசிக்கொண்டே அவரும் ஒரு பொட்டலம் பொடிக்கு முன்பணம் கொடுத்திருந்தார்.

அதன்பிறகு மழை பெய்தாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. வேலையில்லாத நாளில் அய்யாத்துரை உளுந்து வறுத்தான். முதலில் கருக்கினான், பிறகு பழகிக்கொண்டான். சொளகுக்கு ஓய்வே இல்லை. மிக்ஸி சூடாகி நின்றது, ஆறியது, மறுபடி சுற்றியது. தூக்குவாளி மட்டும் வீடு வீடாகப் பொடியோடு போய், முதல் தடவையாக வெறுமனே திரும்பி வந்தது. வரும் வழியில் காற்று நுழைந்து உள்ளே ஊதியது. அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் குருவம்மாளின் முந்தானை முடிச்சு கனத்ததைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டது.

அடுத்த மாதம் வாடகை தேதிக்குப் போனது. குருவம்மாள் ஒரு கையில் பணமும் ஒரு கையில் தூக்குவாளியுமாக மாடிப்படி ஏறினாள். அற்புதமணியும் காசு கொடுத்தனுப்பிப் பொடி கேட்டிருந்தாள்.

தூக்குவாளி தயிர்ச்சட்டியை நேருக்கு நேர் பார்த்தது. அதன் தலையில் மூடி, மூடியின் நெற்றியில் குருவம்மாள்.

"வாங்க அண்ணாச்சி," என்றது தயிர்ச்சட்டி. "இலைத் தொப்பி ஒங்களுக்கு எடுப்பா இருக்கே."

"எம் மூடியக் குடு."

"பொடிக்குத்தான் காசு குடுத்தாச்சே. இன்னும் என்ன பாக்கி?"

"அது தெருக்கணக்கு. இது நம்ம கணக்கு."

குருவம்மாள் பணத்தைக் கொடுத்தாள். அற்புதமணி வாங்கிக்கொண்டு, பரவாயில்லையே என்றாள். அந்தப் பரவாயில்லையே கொடுத்த தைரியத்தில் குருவம்மாள் கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அக்கா, அந்தச் சட்டிமேல இருக்கது எங்க வாளி மூடி."

அற்புதமணி திரும்பிப் பார்த்தாள். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஆமா, ஒங்க மூடிதான். ஆனா இப்பத்தான் உறை ஊத்தி வச்சிருக்கு. இப்ப எடுத்தா தயிர் கலங்கிரும். நாளைக்கு வா, எடுத்துக்கோ."

குருவம்மாள் மறுநாள் போனாள். அப்போதும் உறை ஊற்றியிருந்தது. வேறொரு நாள் காலையில் போனாள், மத்தியானம் போனாள். எந்த நேரத்தில் போனாலும் அந்த வீட்டில் அப்போதுதான் உறை ஊற்றியிருப்பார்கள்.

பொடிப் பணத்தில் அய்யாத்துரை பாத்திரக் கடைக்குப் போய், பளபளவென்று ஒரு புது மூடி வாங்கி வந்தான். வாளியின் மேல் வைத்து அமுக்கினான். அடுப்படியில் எல்லாரும் கை தட்டினார்கள். சொளகு, மாப்பிள்ளை மாதிரி இருக்கீக அண்ணாச்சி என்றது.

மூடி இறுகி உட்காரவில்லை. அய்யாத்துரை எவ்வளவு அமுக்கியும் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டே நின்றது. கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று அவன் திட்டினான். அளவு சரிதான். வாளிதான் இடம் கொடுக்கவில்லை.

மாடியில் இன்னும் தயிர் உறைந்துகொண்டிருக்கிறது.