ஆஸ்பத்திரி லைனில் ஒரு வீடு

மின்வெட்டு இல்லாத நாளே இல்லை என்றிருந்த காலம். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து நுகர்வோர் சங்கம் நடத்திவந்தார்கள். லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சபேசன், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ரெஜினா, ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காஜா மைதீன். கடையின் பின்னறைதான் சங்கம். கரண்டுக்காகவும் வைத்தியத்துக்காகவும் அலைந்து ஓய்ந்தவர்கள் அங்கே வருவார்கள். சுவரில் காஜா மைதீன் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று உண்டு: "உங்களைக் கேட்காமல் உங்களைப் பற்றி முடிவெடுக்க யாரையும் விடாதீர்கள்." எந்த அதிகாரி முன்னால் நின்றாலும் இந்த வரியை வைத்துத்தான் மூவரும் வாதாடுவார்கள்.

அவர்கள் வென்றதில் பெரியது குருபாதத்தின் வழக்கு. பஞ்சாலை வேலையில் நுரையீரல் கெட்டு, வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு கிடந்தவர் அவர். கரண்ட் போனால் மூச்சும் போகும். சங்கம் விடாமல் மனுப்போட்டு அந்த வீட்டை ஆஸ்பத்திரி லைனில் சேர்க்கவைத்தது. அந்த லைனில் மின்வெட்டு கிடையாது. "இதோடு சரி. இன்னொரு வீட்டை இந்த லைன் தாங்காது. அதுவும், மெஷினை நம்பி நோயாளி இருக்கிறவரைக்கும்தான்" என்றார் பொறியாளர்.

மெஷினோடு ஒரு தண்ணீர்ப் புட்டி உண்டு. ஆக்சிஜன் அதன் வழியாகக் குமிழியிட்டு வரும். குருபாதத்தின் மனைவி சௌந்தரவல்லி சமையலறையில் இருந்தபடியே அந்தக் குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அது கேட்கும்வரை முன்னறையில் கணவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

கடைசி நாட்களில் குருபாதம் சபேசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போன பெறவும் இந்த வீட்டுல கரண்ட் நிக்கப்படாது, சபேசா. இந்தச் சத்தம் இல்லன்னா அவளுக்கு இருப்புக் கொள்ளாது."

"நிக்காது. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சபேசன்.

குருபாதம் போனார். சத்தம் நிற்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் புட்டியில் ஊற்றி, பழைய அளவிலேயே மெஷினை ஓடவிட்டு, குழாயை அவருடைய சாய்வு நாற்காலியின் கையில் மாட்டிவைத்தார் சௌந்தரவல்லி. பிறகு சமையலறைக்குப் போய் ஒருத்திக்கான சோற்றை வடித்தார். தனியாக இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேச்சியம்மாள் சங்கத்துக்கு வந்தாள். குறைமாதத்தில் பிறந்த அவள் பெண்குழந்தை பிறந்தது முதல் ஆஸ்பத்திரியிலேயே ஆக்சிஜனில் இருந்தது. வீட்டில் மெஷினும் நிற்காத கரண்டும் இருந்தால் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீடோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒற்றை அறை, வாடகைக்கு.

"எம் புள்ள இன்னும் வெயிலக்கூடப் பாக்கல, சார். ஒரு தடவ அவள வாசப்படி தாண்டி உள்ள தூக்கிட்டுப் போவணும்" என்றாள்.

அவள் போன பிறகு மூவருக்கும் வாக்குவாதம்.

"லைன பேச்சியம்மா வீட்டுக்கு மாத்தச் சொல்லி இன்னைக்கே எழுதணும்" என்றார் ரெஜினா. "அங்க மெஷின் ஓடுறது வெறும் நாற்காலிக்கு. இங்க ஒரு உசுரு காத்துக்கிடக்கு."

"சௌந்தரவல்லி மதினிகிட்ட இருக்கது அந்தச் சத்தம் ஒண்ணுதான். அதையும் புடுங்கவா? செத்தவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் சபேசன்.

"குடுக்கும்போது என்னைக் கேட்டியளா? லைன் என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா?"

"ஆமா, கம்பத்துல ஏறினவன் நான். நீங்க கீழ நின்னு ஊசி போட்டிய!"

காஜா மைதீன் சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல இருந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காத வரைக்கும் நானாப் போய் அந்த அம்மாவைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன். நம்மள நம்பி வந்தவங்க மேல நாமளே மனு எழுதுனா, பெறவு எவன் இந்தப் படி ஏறுவான்?"

மூவரும் தனித்தனியே சௌந்தரவல்லியின் வாசல்வரை போனார்கள். குமிழிச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமலே திரும்பிவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேச்சியம்மாளும் அந்த வாசலைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.

உயிர் பெரிது என்றார் ரெஜினா. வாக்குப் பெரிது என்றார் சபேசன். நம்பிக்கை பெரிது என்றார் காஜா மைதீன். படிக்கிறவர்களே, சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: மூவர் சொன்னதும் நியாயம், மூவர் செய்ததும் தவறு. ஊருக்கெல்லாம் அந்த அட்டையைக் காட்டியவர்கள், சௌந்தரவல்லியைக் கேட்காமலே அவரைப் பற்றிப் பேசி முடிக்கப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவள் பேச்சியம்மாள். ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்று, கதவைத் தட்டினாள். "அத்தை, உள்ள மெஷின் ஓடுதே, யாருக்கு?" "யாருக்குமில்ல, தாயி." "எம் புள்ள கட்டில் பக்கத்துலயும் இதே சத்தந்தான். மெஷினும் நிக்காத கரண்டும் இருந்தா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போலாமாம்." சௌந்தரவல்லி கதவை அகலத் திறந்தார். பிறகு உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, தொட்டில் போட இடம் செய்தார். பேச்சியம்மாள் குழந்தையோடு அங்கேயே வந்து தங்கினாள். மெஷினை நம்பி மறுபடி ஒரு நோயாளி இருந்ததால் லைனை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வாக்கும் தவறவில்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. ரெஜினா குழந்தைக்கேற்றபடி அளவைக் குறைத்துவைத்தார். குழந்தைக்கு வேண்டியது கொஞ்சம் காற்றுதான். குமிழியும் மெல்லத்தான் எழும்பும், முன்போல் சமையலறைவரை எட்டாது. அதனால் சௌந்தரவல்லி தாளிப்பதை நிறுத்திவிட்டு, கரண்டியோடு நிலைப்படிவரை வந்து, ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போவார்.